2028ல் சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணியின் மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) யார்? இளம் பிட்சர்களை எதை வைத்து எடைபோடுவது

#1 · டகோமா மழை

கில்பர்ட் 2027 சீசன் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். காஸ்டியோவோட உறுதியான ஒப்பந்தமும் அதே வருஷத்தோட சரி. கிர்பி 2028 வரைக்கும். ஆக சியாட்டில் ரொட்டேஷன்ல, அதாவது முறைவச்சு ஆட்டத்தை ஆரம்பிக்கற பிட்சர்கள்ல, அஞ்சு நாற்காலியில மூணு சீக்கிரமே காலியாகப் போகுது. கீழே மைனர் லீக்ல யாருன்னு கேட்டா எல்லாரும் இடதுகை பிட்சர் கேட் ஆண்டர்சன், ரையன் ஸ்லோன்னு ரெண்டு பேரைக் கைகாட்டுறாங்க.

ரேங்க் பட்டியல் எனக்கு வேண்டாம், அது எங்கயும் கிடைக்குது. இருபது வயசுப் பையன் ஆட்டத்தை ஆரம்பிச்சு நிறைய இன்னிங்ஸ் வீசற ஸ்டார்ட்டரா தேறுவானா, நடுவுல வந்து கொஞ்சம் வீசறவங்க இருக்கற புல்பென்னுக்குத்தான் போவானான்னு எதைப் பார்த்துச் சொல்றது? "98 மைல் போடறான், அடுத்த ஏஸ்"னு எழுதறவங்க தயவுசெய்து வேற இழைக்குப் போயிடுங்க.

#2 · பதினேழங்குலம்

98 மைல் இருந்தா ரிலீவர், அதாவது புல்பென் ஆள், ஆகலாம், அதுல சந்தேகமில்லை. ஆனா பெரிய லீக்ல ஃபோர்-சீம் (நேரா வர்ற ஃபாஸ்ட்பால்) சராசரியே இப்ப 94 மைல். வேகம் நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் அதே ஒன்பது பேரை ரெண்டு தடவை, முடிஞ்சா மூணு தடவை சந்திக்கணும். மூணாவது சுத்துல வர்ற பேட்டர் அந்த ஃபாஸ்ட்பாலை ஏற்கனவே அஞ்சாறு தடவை பார்த்துட்டு வர்றான். அப்பவும் அவனை ஏமாத்த கையில என்ன இருக்குங்கறதுதான் கேள்வி.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது எதிர்க்கை பேட்டர். வலதுகை பிட்சர்னா இடதுகை பேட்டருக்கு என்ன போடறான்? மைனர் லீக்ல ஸ்வீப்பர் ஒண்ணை வச்சுக்கிட்டு வலதுகை பேட்டர்களை அலற விடறவங்க ஏராளம். ஓர் அடிக்கு மேல பக்கவாட்டுல விலகுற பந்து அது, பார்க்கவே அழகு. ஆனா இடதுகை பேட்டருக்கு அதே பந்து வெளியேயிருந்து அவன் பேட்டை நோக்கி வருது. வர்ற வழி பூரா தெரியுது. பெரிய லீக் மேனேஜர் சும்மா இருப்பாரா, லைனப்ல ஏழு இடதுகையை அடுக்கிடுவார். அங்கே சேஞ்சப் (அதே கைவீச்சுல மெதுவா வர்றது), ஸ்ப்ளிட்டர் (பிளேட் கிட்ட சட்டுனு கீழே விழறது), கட்டர் (லேசா பக்கவாட்டுல வெட்டற ஃபாஸ்ட்பால்), அல்லது விலகாம குத்தா இறங்குற குட்டை ஸ்லைடர், இதுல ஒண்ணாவது வேணும்.

சியாட்டிலோட பிரைஸ் மில்லர் இதுக்கு நேரடி உதாரணம். 2023ல வந்தப்போ ஃபோர்-சீமை வச்சே ஓட்டினான். வலதுகை பேட்டர்கள் திணறினாங்க, இடதுகை பேட்டர்கள் வெளுத்துட்டாங்க. அந்தக் குளிர்காலத்துல ஸ்ப்ளிட்டர் கத்துக்கிட்டான். 2024ல 180 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் பொறுப்புல விழுந்த ரன்) 2.94. கை அதே கை, வேகமும் கிட்டத்தட்ட அதேதான்.

ரெண்டாவது, ஸ்ட்ரைக். இதுல கண்ட்ரோல் வேற, கமாண்ட் வேற. ஸ்ட்ரைக் சோனுக்குள்ள போடறது கண்ட்ரோல். கேட்சர் கிளவ் வச்ச இடத்துல போடறது கமாண்ட். முன்னது எண்ணிக்கையில தெரியும். பின்னதுக்குக் கேட்சரோட கிளவைத்தான் பார்க்கணும். அவர் உட்கார்ந்த இடத்துலயே வாங்கறாரா, இல்ல ஒவ்வொரு பந்துக்கும் குறுக்கே பாயறாரா?

மூணாவது, அஞ்சாவது இன்னிங்ஸ். அதைப் பிறகு எழுதறேன்.

#3 · கணக்குப்பிள்ளை

எண்களைப் பற்றிக் கொஞ்சம். மைனர் லீக் ஈ.ஆர்.ஏ.வை வைத்து யாரையும் தூக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மேலே சொன்ன அதே மில்லரை 2023 மே மாதம் மேலே அழைத்தபோது, மைனர் லீகில் மேலிருந்து இரண்டாம் படியான டபுள்-ஏ ஆர்கன்சாவில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 6.41. நான்கே ஆட்டங்கள். மே 2 அன்று ஓக்லண்டில் முதல் ஆட்டம்: 6 இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக்கவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). சியாட்டிலின் இன்னொரு பிட்சர் பிரையன் வூ கல்லூரியில் வைத்திருந்த ஈ.ஆர்.ஏ. 6க்கு மேல், 2021 ட்ராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் எடுத்தார்கள். 2025ல் அதே வூ 186.2 இன்னிங்ஸ் (.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு) வீசி 2.94ல் முடித்தார்.

நான் பார்ப்பது ஸ்ட்ரைக்கவுட் விழுக்காட்டிலிருந்து வாக் (ஸ்ட்ரைக் ஆகாத நான்கு பந்து போட்டு முதல் பேஸைக் கொடுப்பது) விழுக்காட்டைக் கழித்தால் என்ன மிச்சம் என்பதுதான். பெரிய லீக் சராசரி 14ஐ ஒட்டி நிற்கும். டபுள்-ஏவில் 20க்கு மேல் வைத்திருப்பவரை நிறுத்திப் பார்க்கலாம். ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை ஸ்ட்ரைக்கவுட் என்கிற கணக்கு ஏமாற்றும்: நிறைய ஹிட், நிறைய வாக் கொடுப்பவருக்கு ஓர் இன்னிங்ஸில் அதிகப் பேட்டர்கள் வருகிறார்கள், ஸ்ட்ரைக்கவுட்டும் அதிகம் சேர்கிறது. எப்போதும் பேட்டர் எண்ணிக்கையால் வகுங்கள்.

எத்தனை பேட்டரைப் பார்த்தபின் நம்பலாம்? ஸ்ட்ரைக்கவுட் விழுக்காடு 70 பேட்டருக்குள் ஓரளவு நிலைத்துவிடும், அதாவது மூன்று நான்கு ஆட்டங்கள். வாக் விழுக்காட்டுக்கு 170 தேவை. ஏப்ரலில் "இந்த ஆண்டு வாக்கைக் குறைத்துவிட்டான்" என்று இழை திறப்பவர்கள் ஜூன் வரை பொறுக்கலாம்.

வயதையும் சேர்த்துப் படியுங்கள். 24 வயதுக் கல்லூரிப் பிட்சர் சிங்கிள்-ஏ பையன்களை விரட்டினால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

#4 · ரெண்டுபந்து ராஜா

பதினேழங்குலம் அண்ணே, மூணு பந்து இல்லாம ஸ்டார்ட்டர் இல்லைங்கறது பழைய பாடம். அட்லாண்டாவோட ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2022ல கிட்டத்தட்ட ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் ரெண்டை மட்டும் வச்சு 131.2 இன்னிங்ஸ்ல 202 ஸ்ட்ரைக்கவுட். அடுத்த வருஷம் 281. 2020 நாலாவது சுத்து ட்ராஃப்ட். உங்க கணக்குப்படி அவர் புல்பென்னுக்குப் போயிருக்கணும்.

#5 · பதினேழங்குலம்

ராஜா, ஸ்ட்ரைடரை யாரும் மறக்கல. ஆனா அவரோட ஸ்லைடர் பக்கவாட்டுல ஓடாது, வேகமா வந்து கீழே விழும். இடதுகை பேட்டருக்கும் வேலை செய்யும். ரெண்டு பந்துல ஒண்ணு ரெண்டு பக்கமும் வேலை செஞ்சா அது மூணு பந்துக்குச் சமம். பந்தோட பேரை எண்ணாதீங்க, வேலையை எண்ணுங்க. நாலு விதம் போட்டும் இடதுகை பேட்டருக்கு ஒண்ணும் இல்லாதவன் இருக்கான்.

இன்னொண்ணு, ஸ்ட்ரைடர் போல ஒருத்தர் தேறினா, அதே மாதிரி ரெண்டு பந்தோட புல்பென்ல உட்கார்ந்திருக்கறவங்க எத்தனை பேர்னு ஒவ்வொரு அணியோட பட்டியலையும் பாருங்க.

#6 · குட்டி மணி

கிரிக்கெட்டிலிருந்து இங்க வந்தவன், திட்டாதீங்க. "ரைடு", "எழும்புது"ன்னு ஃபாஸ்ட்பாலைச் சொல்றாங்களே, பந்து தரையில குத்தாமலே எப்படி எழும்பும்?

#7 · கணக்குப்பிள்ளை

எழும்பாது தம்பி. எதிர்பார்த்த அளவு இறங்காது, அவ்வளவுதான். 95 மைல் வேகப் பந்து கையிலிருந்து பிளேட்டுக்குப் போக சுமார் 0.4 விநாடி. அந்த நேரத்தில் ஈர்ப்பு விசை மட்டும் இருந்தால் 30 அங்குலத்துக்கு இறங்கிவிடும். பின்சுழற்சி அதில் சராசரியாக 16 அங்குலத்தை மீட்டுத் தருகிறது. ஒருவர் 19 அங்குலம் மீட்டால், பேட்டரின் கண் பழகிய இடத்துக்கு 3 அங்குலம் மேலே பந்து இருக்கும். பேட்டின் தடிமன் அதிகபட்சம் 2.61 அங்குலம். முழு வீச்சில் வீசியும் பேட் பந்துக்குக் கீழே போவது இதனால்தான்.

இந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. ஆறரை அடி உயரக்காரர் உச்சியிலிருந்து வீசி 18 அங்குலம் எடுத்தால் பேட்டர் அதை எதிர்பார்க்கவே செய்வார். கையைத் தாழ்த்தி வீசி அதே 18 எடுத்தால் பந்து தட்டையாக வந்து ஏமாற்றும். வூவின் ஃபாஸ்ட்பால் வேலை செய்வது அப்படித்தான். அதே கைவீச்சில் சிங்கரும் (கீழே இறங்கும் ஃபாஸ்ட்பால்) வருவதால் பேட்டருக்கு மேலா கீழா தெரியாது. கில்பர்ட்டின் வழி வேறு: மவுண்டிலிருந்து ஏழரை அடியை ஒட்டி முன்னால் வந்து பந்தை விடுகிறார், சராசரி ஆறரைதான். 60 அடி 6 அங்குலம் என்பது அவருக்கு 53 அடியாகிவிடுகிறது.

#8 · முழங்கை காவல்

மேல எல்லாரும் பந்தைப் பத்தியே பேசறீங்க. பந்தைப் போடற கையைப் பத்தியும் கொஞ்சம்.

ஆண்டர்சனை எடுத்துக்குங்க. 2024ல எல்.எஸ்.யூ.வுல (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 40 இன்னிங்ஸ்கூட இல்லை. 2025ல 119 இன்னிங்ஸ், 180 ஸ்ட்ரைக்கவுட். கல்லூரி உலகத் தொடர் இறுதியோட முதல் ஆட்டத்துல கோஸ்டல் கரோலினாவுக்கு எதிரா முழு ஆட்டமும் தானே வீசி 1-0ன்னு முடிச்சார். சியாட்டில் ட்ராஃப்ட்ல மூணாவது இடத்துல எடுத்துட்டு, அந்த வருஷம் மைனர் லீக்ல இறக்கவே இல்லை. சோம்பேறித்தனம்னு சிலர் எழுதினாங்க. சரியான முடிவு அது. மூணு மடங்கு ஏறின கைக்கு ஓய்வுதான் மருந்து. பிட்ஸ்பர்க் அணி பால் ஸ்கீன்ஸ்கிட்ட செஞ்சதும் இதுதான்: 2023ல எல்.எஸ்.யூ.வுல 122.2 இன்னிங்ஸ், ட்ராஃப்டுக்கு அப்புறம் 6.2 மட்டும். அடுத்த வருஷம் மைனரோட உச்சப் படியான ட்ரிபிள்-ஏல 27.1 இன்னிங்ஸ், குட்டிக் குட்டி ஆட்டமா. மே 11 பெரிய லீக்.

"போன வருஷத்தைவிட 30 இன்னிங்ஸுக்கு மேல கூட்டாதே"ன்னு ஒரு பழைய விதி சுத்துது. அதைச் சட்டமா எடுத்துக்காதீங்க. கூட்டினவங்கள்ல நல்லா இருக்கறவங்க நிறைய, கூட்டாம விழுந்தவங்களும் நிறைய. இன்னிங்ஸைவிட, சோர்ந்த பிறகு போட்ட பந்துகள் எத்தனைங்கறது முக்கியம். ஒரே இன்னிங்ஸ்ல 30 பந்து தாண்டறது, ஆறு இன்னிங்ஸ்ல 90 பந்து போடறதைவிடக் கையைத் தின்னும்.

யாரும் கணக்குல எடுக்காத விஷயம் ஒண்ணு. 2021லேருந்து மைனர் லீக்ல வாரத்துக்கு ஆறு ஆட்டம், ஒரே எதிரணி, திங்கள் விடுமுறை. ஸ்டார்ட்டர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஏறுவான். பெரிய லீக்ல 162 ஆட்டம், அஞ்சாவது ஆறாவது நாள் திரும்ப மவுண்ட். மைனர்ல ஆறு நாள் ஓய்வோட 96 போட்டவன் மேல வந்து ஜூலையில 94 போட்டா கெட்டுப்போனான்னு அர்த்தமில்லை. அதுதான் அவனோட உண்மையான வேகம்.

பட்டியல் போடறப்பவே ஒண்ணு ரெண்டு மைல் கழிச்சுக்குங்க.

#9 · டகோமா மழை

ஆண்டர்சனுக்கு ஏற்கனவே பள்ளியில படிக்கறப்போ டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரைச் சரி பண்றது) ஆயிருக்கே. அதை எவ்வளவு தூரம் கணக்குல வைக்கணும்?

#10 · முழங்கை காவல்

ஒண்ணுன்னா பெரிசா பயப்பட வேண்டாம். வூ 2021 ட்ராஃப்டுக்கு முன்னாடிதான் பண்ணிக்கிட்டார், ஸ்ட்ரைடர் 2019ல, ஸ்கூபல் 2016ல சியாட்டில் பல்கலைக்கழகத்துல இருந்தப்போ. ஸ்கூபல் ஒன்பதாவது சுத்துல போனதுக்கு அதுவும் ஒரு காரணம்; 2024, 2025 ரெண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அறுவையால விலை குறையற பையனை வாங்கறது ஒரு உத்தியே. ஆனா ரெண்டாவது தடவை வெட்டினவனை ஸ்டார்ட்டர் கணக்குல வைக்காதீங்க. தோள் வேற விஷயம். முழங்கையைத் தைச்சுச் சரி பண்ணத் தெரியுது. தோளுக்கு அந்த அளவு நம்பிக்கை கிடையாது.

பார்க்கறவங்க கவனிக்க வேண்டிய அறிகுறி: வேகம் குறையறதுக்கு முன்னாடியே பந்து கை இருக்கிற பக்கமா மேல பறக்க ஆரம்பிக்கும். வலதுகைக்காரனா இருந்தா வலதுகை பேட்டரோட தோள் பக்கம். கை உடம்புக்குப் பின்னால தங்கிடுது, அதான். அதோட ஸ்லைடரைக் கேட்டாலும் போடாம தலையாட்டினா இன்னும் மோசம். "முன்கை இறுக்கம்"னு செய்தி வந்தா அதைத் தசைப்பிடிப்புன்னு தள்ளாதீங்க.

#11 · ரெண்டுபந்து ராஜா

சியாட்டில் பெருமை போதும்பா. "ஸ்ட்ரைக் போடற கல்லூரிப் பையனை எடு, வேகத்தைப் பிறகு ஏத்திக்கலாம்"னு எல்லாரும் கிர்பியைக் காட்டறீங்க. எமர்சன் ஹான்காக் 2020ல ஆறாவது இடம், ஜார்ஜியா, ட்ராஃப்ட் அன்னிக்கு அவர்தான் பெரிய பெயர். தோள், முதுகுப் பக்கத் தசைன்னு காயம். மேல வந்த பிறகும் ஸ்ட்ரைக்கவுட் வரல. நாலாவது சுத்து மில்லரும் ஆறாவது சுத்து வூவும் அவரைத் தாண்டிட்டாங்க. இதுல திட்டம் எங்க இருக்கு? குருட்டு அதிர்ஷ்டம்.

#12 · பதினேழங்குலம்

ஹான்காக் நல்ல எதிர்வாதம், ஒத்துக்கறேன். ஆனா அது என் பக்கம்தான் பேசுது. அவர் ஃபாஸ்ட்பால் வேகமா இருக்கு, வடிவம் சாதாரணம்: ரைடு இல்லை, பெரிய சிங்கரும் இல்லை, பேட்டர் எதிர்பார்த்த இடத்துல வந்து நிக்குது. கல்லூரியில 97 போதும், இங்க போதாது. வடிவத்தைக் கத்துக்கொடுக்கறது பிரேக்கிங் பந்துல சுலபம், ஃபாஸ்ட்பால்ல கஷ்டம். ஃபாஸ்ட்பால் வடிவம் பெரும்பாலும் கை எந்தக் கோணத்துல வருதுங்கறதுல இருக்கு. அதை மாத்தினா தோளைக் கேட்டுட்டுத்தான் மாத்தணும்.

கிர்பி கணக்கு இது: ஈலான் பல்கலைக்கழகத்துல கடைசி வருஷம் 107 ஸ்ட்ரைக்கவுட், 6 வாக். 2019ல மைனர் லீக் எவரெட்ல 23 இன்னிங்ஸ், வாக் பூஜ்யம். வேகம் அப்புறம்தான் ஏறுச்சு. 2023ல பெரிய லீக்ல 190.2 இன்னிங்ஸுக்கு 19 வாக். அப்படி ஒருத்தன் கையில கிடைச்சா வேகம், புது ஸ்லைடர் எல்லாம் சேர்க்கலாம். தலைகீழா செஞ்சுபார்த்தவங்க, அதாவது 99 மைல் காட்டுப் பிட்சருக்கு ஸ்ட்ரைக் கத்துக்கொடுத்தவங்க, பத்துல ஒண்ணு ரெண்டு தேத்தியிருப்பாங்க.

சேஞ்சப் பத்தியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டை வெளிப்பக்கமா சுழற்றி ஸ்லைடர் சுலபமா போடறவனுக்குப் பழைய வட்டப்பிடி சேஞ்சப் கடைசி வரைக்கும் வராது. அவனை மூணு வருஷம் அதுலயே வதைக்கறதைவிட ஸ்ப்ளிட்டரோ, நடுவிரலை மடக்கிப் பந்தை உதைச்சுவிடற கிக் சேஞ்சப்போ கொடுத்துப் பார்க்கலாம். "மூணாவது பந்து வரல"ன்னு 22 வயசுல முடிவு கட்டறது முன்னாடி சரி, இப்ப அவசரம்.

#13 · கணக்குப்பிள்ளை

அணி தன் பிள்ளைகளை எங்கே வளர்க்கிறது என்பதையும் பாருங்கள். கிர்பி, மில்லர், வூ, ஹான்காக் நால்வரும் ஆர்கன்சாவிலிருந்து நேராக சியாட்டிலுக்கு வந்தவர்கள். ட்ரிபிள்-ஏ அணியான டகோமாவைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். டகோமா கடல்மட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த லீகில் ஆல்புகெர்க்கி, ரீனோ, சால்ட் லேக் போன்ற உயரமான ஊர்கள் உண்டு. காற்று லேசு, கர்வ்பால் வளையாது, ஃபாஸ்ட்பால் ரைடு எடுக்காது, ஃபிளை பால் மதில் தாண்டும். புதிதாக ஒரு பந்தைக் கற்கும் பையன் அங்கே போய் நம்பிக்கை இழப்பான். ஆகவே டகோமாவில் ஒருவர் 5.20 வைத்திருந்தால் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் கருத்து சொல்லாதீர்கள். ஆர்கன்சா மைதானம் மறுபக்கம்: ஹோம் ரன்னை விழுங்கிவிடும்.

பந்தும் மாறுகிறது. டபுள்-ஏ வரை மைனர் லீக் பந்து, ட்ரிபிள்-ஏவிலிருந்து பெரிய லீக் பந்து. தையல் பிடிமானம் வேறு. சிலருக்கு ஸ்வீப்பர் ஒரே வாரத்தில் இரண்டு அங்குலம் கூடவோ குறையவோ செய்யும்.

2026 முதல் பெரிய லீகிலும் பந்து-ஸ்ட்ரைக் முறையீடு உண்டு: நடுவர் சொன்னது ஸ்ட்ரைக்தானா என்று கருவியிடம் கேட்கலாம், அணிக்கு இரண்டு. கேட்சர் கிளவை நகர்த்தித் திருடித்தந்த ஓர ஸ்ட்ரைக்கை நம்பி வாழும் பிட்சரின் மதிப்பு குறையும். மைனர் லீகில் இது சில ஆண்டுகளாக இருப்பதால், ட்ரிபிள்-ஏவில் வாக் குறைவாக வைத்திருப்பவரைக் கூடுதலாக நம்பலாம்.

#14 · குட்டி மணி

சரி, ஒரு ஆட்டத்தை ஒளிபரப்புல உட்கார்ந்து பார்க்கறப்போ என்ன குறிச்சுக்கணும்? சின்னதா சொல்லுங்க.

#15 · பதினேழங்குலம்

ஒரு தாளை ரெண்டா மடிங்க. இடப்பக்கம் இடதுகை பேட்டர், வலப்பக்கம் வலதுகை பேட்டர். ஒவ்வொரு பேட்டருக்கும் ரெண்டே குறிப்பு: முதல் பந்து என்ன, ஸ்ட்ரைக்கா, ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு என்ன போட்டான், பேட் தொட்டதா. முதல் பந்து ஸ்ட்ரைக் பத்துக்கு ஆறுன்னா சராசரி.

ஸ்ட்ரைக் ஆகாத மூணு பந்து, ஒரே ஸ்ட்ரைக்னு பின்தங்கினா என்ன போடறான்னு ஒரு வட்டம் போட்டு வைங்க. எப்பவும் ஃபாஸ்ட்பால்னா அந்தப் பையனுக்கு ரெண்டாவது பந்து மேல நம்பிக்கை இல்லை. பேட்டருக்கும் அது தெரியும்.

முதல் இன்னிங்ஸ் வேகம், அஞ்சாவது இன்னிங்ஸ் வேகம் ரெண்டையும் எழுதுங்க. ஒரு மைல் குறைஞ்சா இயல்பு. ரெண்டரை மூணு குறைஞ்சு, அதோட ஸ்லைடர் பிளேட் நடுவுல தொங்க ஆரம்பிச்சா அவன் நாலு இன்னிங்ஸ் ஆள். அஞ்சாவது இன்னிங்ஸ்னு நான் முன்னாடி சொன்னது இதுதான்.

கடைசியா, ஆள் முதல் பேஸ்ல நிக்கறப்போ. கைக்கடிகாரத்தை எடுங்க. பிட்சர் அசையத் தொடங்கினதிலேருந்து கேட்சர் கிளவுல பந்து விழற வரைக்கும் 1.3 விநாடின்னா நல்லது. 1.5 தாண்டினா ஓடறவன் பேஸைத் திருடிடுவான். பேஸ் பக்கம் திரும்பிப் பயமுறுத்தவும் இப்ப ரெண்டு தடவைக்கு மேல முடியாது. வேகமா அடியெடுக்கச் சொன்னா சிலருக்குக் கமாண்டே போயிடும். காலி பேஸ்ல ராஜா, ஆள் ஏறினா ஆண்டின்னு இருப்பாங்க. அவங்க புல்பென்லயும் தேற மாட்டாங்க.

#16 · டகோமா மழை

நன்றி எல்லாருக்கும். அப்ப ஸ்லோன்? 2024ல ரெண்டாவது சுத்து, இலினாய் பள்ளிப் பையன், 19 வயசுல மைனர் லீக்ல மொடெஸ்டோவும் எவரெட்டும் சேர்த்து 80 இன்னிங்ஸை ஒட்டி வீசியிருக்கான்.

#17 · முழங்கை காவல்

அந்த வயசுக்கு 80 சரியான படி. அடுத்து 110, 120; அதுக்கடுத்து 140. 2028க்குள்ள முழு சீசன் தாங்கற கை. நடுவுல ஒரு வருஷம் காயத்துக்குன்னு ஒதுக்கிடுங்க, வராட்டி லாபம்.

#18 · கணக்குப்பிள்ளை

நாற்காலி எண்ணிக்கையிலும் ஒரு திருத்தம். ஐந்து பேரைத் தேடாதீர்கள், ஒன்பது பேரைத் தேடுங்கள். 2025ல் கில்பர்ட் முழங்கை, கிர்பி தோள், மில்லர் முழங்கை, செப்டம்பரில் வூ மார்புத் தசை. ஐவரில் காஸ்டியோ மட்டும்தான் காயத்தில் சிக்கவில்லை. அந்த இடைவெளியை அடைத்தவர்களில் 2023ன் பன்னிரண்டாவது சுற்று லோகன் எவன்ஸும் ஒருவர். எந்தத் தேசியப் பட்டியலின் உச்சியிலும் இருந்தவர் அல்ல. ஆறாவது, ஏழாவது ஆளாக ட்ரிபிள்-ஏவில் நிற்பவருக்கு ஆப்ஷன் ஆண்டு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டுதான், தீர்ந்தால் இஷ்டத்துக்கு மைனருக்கு அனுப்பித் திரும்ப அழைக்க முடியாது.

இன்னொன்று: குறிப்பிட்ட சீசன்களுக்குள் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்காத மைனர் லீக் வீரரை வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். ஸ்லோன் 18 வயதில் கையெழுத்திட்டதால் ஐந்து சீசன், ஆண்டர்சன் கல்லூரியிலிருந்து வந்ததால் நான்கு. கணக்குப் போட்டால் இருவரையும் 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டிய கெடு ஒரே குளிர்காலத்தில் வந்து நிற்கிறது, 2028 இறுதியில். அதற்குள் மேலே வந்துவிட்டால் சிக்கல் இல்லை.

#19 · ரெண்டுபந்து ராஜா

ஆண்டர்சன் முதல் ஆட்டத்துல தாளை மடிச்சுட்டு உட்காரறேன். வலதுகை பேட்டருக்கு சேஞ்சப் ஸ்ட்ரைக் விழலேன்னா இங்கதான் வந்து கத்துவேன்.